பார்ட்டிஷன் அட்டவணை அழிந்தால்: முதலில் ஜிடிஸ்க்கா, டெஸ்ட்டிஸ்க்கா?

லினக்ஸில் பார்ட்டிஷன்கள் (டிஸ்கின் பிரிவுகள்) காணாமல் போனதும் பலரும் நேராக டெஸ்ட்டிஸ்க் (TestDisk) என்ற மீட்புக் கருவியைத்தான் திறக்கிறார்கள். ஜிபிடி (GPT, புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க் என்றால், அந்த அட்டவணையைத் திருத்தும் ஜிடிஸ்க் (gdisk) கருவியே முதலில் வர வேண்டும்.

512 பைட் செக்டர் (டிஸ்க் படித்து எழுதும் சிறு துண்டு) உள்ள டிஸ்கில், 0-இலிருந்து எண்ணினால், ஜிபிடி தலைப்பு 1-ஆம் செக்டரிலும் 128 பதிவுகளுக்கான அட்டவணை வழக்கமாக 2 முதல் 33 வரையிலும் இருக்கும். இரண்டின் நகலும் டிஸ்கின் கடைசி 33 செக்டர்களில் உண்டு. தவறான டிஸ்க் பெயருடன், தரவை நேரடியாக எழுதும் டிடி (dd) கட்டளை ஓடி முன்பகுதி அழிந்தாலும் வால்பகுதி பெரும்பாலும் தப்பிவிடும். அந்த நகலை ஜிடிஸ்க் அப்படியே படிக்கிறது, ஊகிப்பதில்லை. ஆர் விசையை அழுத்தி மீட்பு மெனுவுக்குப் போய், நகல் தலைப்பையும் நகல் அட்டவணையையும் ஏற்றுங்கள். பட்டியலைப் பாருங்கள், வி விசையால் சரிபாருங்கள். டபிள்யூ கொடுக்கும்வரை டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. சந்தேகம் வந்தால் க்யூ கொடுத்து வெளியேறலாம்.

டெஸ்ட்டிஸ்க் கோப்பு முறைமைகளின் அடையாளங்களைத் தேடிக் கணக்கிடுகிறது. நகலே இல்லாத எம்பிஆர் (MBR, பழைய வகை அட்டவணை) டிஸ்குக்கும், இரு முனையும் அழிந்த ஜிபிடிக்கும் அதுதான் சரி. ஆனால் என்றோ நீக்கிய பார்ட்டிஷன்களின் மிச்சமும் பட்டியலில் வந்து, இப்போதையவற்றோடு எல்லை மோதும். ஒவ்வொன்றிலும் பி விசையால் கோப்புகளைத் திறந்து பார்க்காமல் எழுதவே கூடாது. பழைய பார்ட்யூயூஐடி (PARTUUID, பார்ட்டிஷனின் அடையாள எண்) அட்டவணையோடு போய்விட்டது என்பதால், எஃப்எஸ்டேப் (fstab, எதை எங்கே இணைப்பது என்ற பட்டியல் கோப்பு) அதை நம்பியிருந்தால் திருத்த வேண்டும். கோப்பு முறைமையின் சொந்த அடையாள எண்ணான யூயூஐடி (UUID) மாறாது.

இன்னொரு பார்ட்டிஷன் கருவியான பார்ட்டட் (parted) ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே எழுதிவிடும். மீட்புக்கு அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் டிஸ்கைப் பெரிதாக்கிய பின் நகலைப் புதிய முடிவுக்கு நகர்த்த அது நன்றாக உதவும்.

எதைத் தொடங்கும் முன்பும் மூன்றைப் பாருங்கள். டிமெசேஜில் (dmesg, கெர்னலின் செய்திப் பதிவு) படிப்புப் பிழைகள் தெரிந்தால் முதலில் பழுதான டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவால் (ddrescue) முழு டிஸ்கின் பிம்பம் எடுத்து, அதன் மேல் வேலை செய்யுங்கள். யூஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் என்றால் செக்டர் அளவு 4096-இலிருந்து 512 ஆகியிருக்கலாம். அட்டவணை பத்திரமாகவே இருக்கும், படிக்கும் இடம்தான் தவறு. பழைய பெட்டியிலேயே மாட்டுங்கள். இயங்கும் கணினியில் இப்போதுதான் அழிந்தது என்றால் மறுதொடக்கம் செய்யாதீர்கள்: கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பழைய அட்டவணையை இன்னும் வைத்திருந்தால், சிஸ் (/sys) கோப்பகத்தில் அந்த டிஸ்கின் கீழ் ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கமும் அளவும் 512 பைட் அலகில் கிடைக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டால் எந்தத் தேடலும் தேவைப்படாது.