1 காரட்டா, நல்ல பட்டையா?

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வட்ட வைரம் தேடுபவர்கள் பலர் இங்கேதான் தவிக்கிறார்கள்: சுமாராகப் பட்டை தீட்டிய 1 காரட்டா (காரட் என்பது இங்கே வைரத்தின் எடை), வைரங்களைத் தரம்பிரிக்கும் ஜி.ஐ.ஏ. நிறுவனத்தின் சான்றிதழில் 'எக்ஸலன்ட்' கட், அதாவது பட்டை தீட்டலுக்கான உச்சத் தரம், பெற்ற 0.90 காரட்டா?

விலை: 1 காரட்டைத் தொட்டதுமே ஒரு காரட்டுக்கான விலையே எகிறும். 0.90-ல் அந்தத் தாவல் இல்லை.

அளவு: நல்ல 0.90-ன் விட்டம் சுமார் 6.2 மி.மீ. ஆழமாக வெட்டிய 1 காரட்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தெரியும். மிச்ச எடை அடியில் ஒளிந்திருக்கும்.

ஜொலிப்பு: உண்மையான வித்தியாசம் இதில்தான். அடிப்பக்கக் கோணம் 41 டிகிரியை ஒட்டியிருந்தால், மற்ற அளவுகளும் பொருந்தும்போது, உள்ளே போன ஒளி மேலேயே திரும்பிவரும். ஆழம் கூடினால் நடுப்பகுதி இருண்டுவிடும். கடை விளக்கில் எல்லாமே மின்னும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

உறுதி: இரண்டும் ஒன்றே.

'ஒரு காரட்' என்று சொல்வதே முக்கியம் என்றால் சரி, பெரியதை வாங்குங்கள். தினமும் கையில் மின்ன வேண்டுமென்றால், தயங்காமல் 0.90.