ஓ.எம்.ஆர். ஐ.டி. வேலை: கேன்டீன் சாப்பாடு செரிக்கும், அப்ரைசல் செரிக்காது

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) தரமணியிலிருந்து சிறுசேரி வரை பெரிய ஐ.டி. அலுவலகங்களில் வசதிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: கேப், கேன்டீன், ஜிம், மருத்துவக் காப்பீடு. சில வருடம் ஓட்டிப் பார்த்தால்தான் எது நமக்கான வசதி, எது நம்மை உள்ளேயே உட்கார வைக்கும் வசதி என்று பிரிபடும்.

முதல் மார்க் காப்பீட்டுக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள அப்பா அம்மாவுக்குத் தனியாகப் பாலிசி எடுத்தால், அந்த நோய்களுக்குக் க்ளெய்ம் செய்யக் காத்திருப்புக் காலம் உண்டு. நிறுவனம் எடுத்துத் தரும் குரூப் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலேயே கவர். சிக்கல் அறை வாடகையில். வரம்பு 5,000 ரூபாய், எடுத்தது 10,000 ரூபாய் அறை என்றால், வாடகை வித்தியாசத்தோடு முடியாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாமே பல பாலிசிகளில் அதே விகிதத்தில், அதாவது பாதியாக வெட்டப்படும். அட்மிஷன் போடும்போதே வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டால் கவரும் போய்விடும்; தனிநபர் பாலிசிக்கு மாறுவதைப் பேப்பர் போட்ட (ராஜினாமா கொடுத்த) வாரமே ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் கேப் இரவு 9 மணிக்கு, இலவச டின்னர் 8 மணிக்கு மேல் என்று வைத்திருந்தால் அது வசதிக் கணக்கில் வராது. ஓவர்டைமுக்குச் சப்பாத்தி குருமாவில் கொடுக்கும் கூலி.

ஆஃபர் லெட்டரில் 12 லட்சம் சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்த வருடச் செலவு) என்று இருக்கும். அடிப்படைச் சம்பளம் பாதி என்றால் மாதம் 50,000. அந்த அடிப்படையில் நிறுவனத்தின் 12 சதவீத பி.எஃப். பங்கு வருடத்துக்கு 72,000, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம் 28,860; மொத்த சி.டி.சி.யில் வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்த தொகை) 10 சதவீதம் 1,20,000. இவை போக மாதம் சுமார் 81,600. அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 6,000, பிறகு வரி. நிரந்தர ஊழியர் 5 வருடம் முடிக்கும் முன் விலகினால் அந்தக் கிராஜுவிட்டி பொதுவாகக் கிடைக்காது. வேரியபிள், பணம் போடும் நாளில் வேலையில் இருப்பவருக்குத்தான் என்று பல இடங்களில் விதியே உண்டு.

இனி கல்ச்சர். கத்துகிற மேனேஜரைவிட மோசமானது டைம்ஷீட், அதாவது வேலை நேரத்தைப் பதியும் பதிவேடு. 11 மணி நேரம் வேலை நடக்கும்; கிளையன்ட் பட்ஜெட் 8 மணி நேரத்துக்குத்தான் என்பதால் 8 என்றே நிரப்பச் சொல்வார்கள். அடுத்த ப்ராஜெக்டின் எஸ்டிமேட் இந்தப் பொய் எண்ணிலிருந்து போடப்படும். ஆள் குறையும், சுமை ஏறும். பதிவேட்டில் மட்டும் யாருக்குமே சுமை இருக்காது. அப்படி நிரப்ப வாய்மொழியாகச் சொன்னால், "நேற்றைய கூடுதல் 3 மணி நேரத்தை எந்த ப்ராஜெக்ட் கோடில் (code) போடுவது?" என்று மெயிலில் கேளுங்கள். பதில் வராமல் போகலாம், ஆனாலும் கேட்டதற்குத் தேதி இருக்கும்.

அடுத்து அப்ரைசல், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு. பெல் கர்வ் (இத்தனை பேருக்கு இந்த ரேட்டிங் என்று முன்கூட்டியே பிரிப்பது) இருக்கும் இடத்தில் பத்துப் பேர் டீமில் ஒருவராவது கீழே விழ வேண்டும். மேனேஜர் உங்களை உட்கார வைத்துப் பேசும்போது ரேட்டிங் முடிவாகி நாளாகியிருக்கும். அடிபடுவது பெரும்பாலும் பிரசவ விடுப்பிலிருந்து திரும்பியவர், இல்லையென்றால் நடுவருடத்தில் மேனேஜர் மாறியவர். புது மேனேஜரிடம் இவர்களுக்காக வாதாட ஒன்றும் இருக்காது. பழையவர் கிளம்பும் முன்பே அவருடைய ஃபீட்பேக்கை அப்ரைசல் டூலில் ஏற்றச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பாராட்டு, ரேட்டிங் முடிவாகும் கூட்டத்தில் செல்லாது.

பி.ஐ.பி.யில் (குறித்த காலத்துக்குள் முன்னேறிக் காட்டச் சொல்லும் திட்டம்) போட்டால், "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும்" என்பார்கள். அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். எந்த வேலை, எந்தத் தேதிக்குள், அளவுகோல் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

விலகும்போது 90 நாள் நோட்டீஸை விலைக்கு வாங்க, அதாவது பணம் கட்டி முன்பே கிளம்ப முடியுமா, கணக்கு அடிப்படைச் சம்பளத்திலா மொத்தச் சம்பளத்திலா என்று பாருங்கள். ஜாயினிங் போனஸ் வரி பிடித்துத்தான் கைக்கு வந்திருக்கும். குறித்த காலத்துக்குள் விலகினால், சில ஒப்பந்தங்களில் வரி பிடிக்கும் முன்பான முழுத் தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் ஏற்றாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவிலிருந்து 2 மாதம் கழித்து யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) தளத்தில் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம்.