உச்சிப்புளி பக்கம் ராக் கச்சேரி டிக்கெட்: 9,800 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

மணி இப்போது இரவு பதினொன்றரை. டிக்கெட் தருவதாகச் சொல்லி என் பணத்தை வாங்கிய ஆள், இன்று மத்தியானம்தான் என் எண்ணை பிளாக் செய்தான். இனி அவனிடம் பேச வழியில்லை. ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் பாட்டுக்காக உயிரை விடுகிற பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். என்னென்ன செய்யக் கூடாது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கம் கச்சேரி என்றால் கோயில் திருவிழாவிலும் தேவாலயத் திருவிழாவிலும் நடக்கும் இன்னிசைக் கச்சேரிதான். எல்லாம் சினிமாப் பாட்டு. அதைக் குறை சொல்லவில்லை, நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிட்டாரும் டிரம்ஸுமாக மேடையேறிப் பாடுகிற குழுக்களை நாங்கள் போனில்தான் பார்த்திருக்கிறோம். அவியல், அகம், காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற குழுக்கள் எல்லாமே எனக்கு யூடியூப்தான். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி செய்தபோது அங்கே போக எவ்வளவு ஆசைப்பட்டேன். சேது எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம், அங்கே தங்க இடம், திரும்பி வர இன்னொரு ராத்திரி. பயணத்துக்கே அதிகம் செலவாகும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை எங்கள் தீவுக்கு ரயிலே கிடையாது. போகவே தோன்றாது.

அப்படிப்பட்ட ஊருக்கு, நானும் என் தங்கையும் மூன்று வருஷமாகக் கேட்கிற ஒரு இண்டி ராக் குழு வருகிறது என்று விளம்பரம். உச்சிப்புளிக்கு வடக்கே கடலோரத் தென்னந்தோப்பில் மேடை, ராத்திரி அங்கேயே கூடாரத்தில் தங்கலாம். தங்கை காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அண்ணே, நம்ம ஊருக்குண்ணே!"

இது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாத இந்த 61 நாளும் ஐஸ் கம்பெனியில் பாதி வேலை, பாதிச் சம்பளம். இருந்தாலும் எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். நான், தங்கை, எங்கள் கம்பெனியில் மோட்டார் பார்க்கும் அண்ணன், மதினி. ஆக நாலு டிக்கெட். ஒன்று 1,800 வீதம் 7,200. கூடாரம் ஒன்றுக்கு 1,300, இரண்டுக்கு 2,600. மொத்தம் 9,800 ரூபாய்.

டிக்கெட் விற்றது ஒரு இணையதளம். பெரிய தளம் கிடையாது, இந்த மாதிரிச் சின்னக் கச்சேரிகளுக்கு மட்டும் டிக்கெட் விற்கிற தளம். பெயரை எழுதவில்லை. உள்ளே போய் நாலு டிக்கெட், இரண்டு கூடாரம் எல்லாம் தேர்ந்தெடுத்து, போன் எண் கொடுத்து, பணம் கட்டப் போனால் "பரிவர்த்தனை தோல்வி" என்று வந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. பணம் ஒன்றும் பிடிக்கவில்லை. டிக்கெட் தீர்ந்துவிடுமோ என்று பதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாட்ஸ்அப்பில் அந்தத் தளத்தின் முத்திரையோடு ஒரு எண்ணிலிருந்து செய்தி வந்தது. "உங்கள் 4 டிக்கெட், 2 கூடாரம் பாதியில் நிற்கிறது. உதவி தேவையா?" தேவை என்றேன். உடனே போன் அடித்தான்.

நான் ஏமாந்தது எந்த இடத்தில் என்று கேட்டால், அந்தப் போன்தான். இந்தியிலோ இங்கிலீஷிலோ பேசியிருந்தால் நான் வைத்திருப்பேன். சென்னைத் தமிழில் பேசியிருந்தால்கூட ஒரு தடவை யோசித்திருப்பேன். அவன் நம்ம ஊர்ப் பேச்சு பேசினான். "தம்பி, நீங்க எந்த ஊரு? தங்கச்சிமடமா? நான் உத்தரகோசமங்கை பக்கம்தான் தம்பி" என்றான். எங்கள் அம்மா பிறந்ததே உத்தரகோசமங்கை பக்கம். அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். "அப்ப நமக்குள்ள என்ன தம்பி" என்று ஆரம்பித்தான். இந்த மாவட்டத்துக்கு இப்படிக் குழு வருவது எவ்வளவு பெரிய விஷயம், நம்ம பிள்ளைகள் முன்வரிசையில் நிற்க வேண்டாமா, மதுரைக்காரனும் சென்னைக்காரனும் வந்து நின்றுவிட்டுப் போனால் நமக்கு என்ன பெருமை, இப்படி ஐந்தாறு நிமிஷம் பேசினான். என் மனசில் இருந்ததை எடுத்து எனக்கே பேசிக் காட்டினான்.

அப்புறம், தளத்தில் பணம் கட்டும் பகுதி பழுதாக இருக்கிறது, ஒரு யுபிஐ எண் அனுப்புகிறேன், அதில் போட்டுவிடுங்கள், டிக்கெட்டை நானே கையால் பதிந்து அனுப்புகிறேன் என்றான். எண்ணைப் போட்டதும் திரையில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது, கம்பெனிப் பெயர் இல்லை. அதைக் கவனித்தேன். கேட்கவும் செய்தேன். "எங்க அக்கவுண்டன்ட் பேரு தம்பி, நம்பிக்கை இல்லைன்னா விட்டுருங்க, அடுத்த ஆளுக்குக் கொடுத்துர்றேன்" என்றான். குரலில் கோபம் இல்லை, வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. சொந்த ஊர்க்காரனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. பின் நம்பரை அழுத்தினேன். 9,800 ரூபாய் போய்விட்டது.

கால் மணி நேரத்தில் நாலு டிக்கெட் படமாக வந்தது. பெயர், தேதி, கியூஆர் கோடு எல்லாம் சரியாக இருந்தது. தங்கைக்கு அனுப்பினேன். அவள் அதை ஸ்டேட்டஸில் வைத்தாள்.

போன சனிக்கிழமை இரண்டு பைக்கில் கிளம்பினோம். மதினி புளிச்சோறு கட்டி எடுத்து வந்தார். ஐந்து மணிக்கே போய்விட்டோம். தோப்பைச் சுற்றி தென்னங்கீற்றால் வேலி, வாசலில் ஒரு பையன் கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறான். தங்கையின் டிக்கெட்டை வைத்தான், சிவப்பு. என்னுடையது, சிவப்பு. "அண்ணே, இந்தக் கோடுல ஏற்கெனவே ஆள் உள்ள போயாச்சு" என்றான். நாலும் அப்படித்தான். அப்போதுதான் நாலு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயரும் எண்ணும்தான் வேறு வேறு, கியூஆர் கோடு நாலிலும் ஒன்றேதான். உண்மையான டிக்கெட் ஒன்றை வாங்கி அதன் கோடை எடுத்து எத்தனை பேருக்கோ ஒட்டி விற்றிருக்கிறான். முதலில் வந்தவர் உள்ளே போயிருப்பார், மற்றவர் எல்லாம் வெளியே.

வேலிக்கு வெளியே எங்களைப் போல முப்பது பேராவது இருந்தார்கள். பரமக்குடியிலிருந்து வந்த பையன்கள், சாயல்குடியிலிருந்து ஒரு கல்யாணமான ஜோடி. எல்லோரிடமும் அதே உத்தரகோசமங்கைக் கதை. சாயல்குடிக்காரரிடம் மட்டும் கடலாடி பக்கம் என்று சொல்லியிருக்கிறான்.

ஏற்பாட்டாளர் என்று ஒருவர் வந்தார். "எங்க டிக்கெட் பார்ட்னரைக் கேளுங்க" என்றார். தளத்தின் எண்ணுக்கு அடித்தால் பதிவு செய்த குரல்தான். உத்தரகோசமங்கைக்காரன் மட்டும் எடுத்தான்! "ஐயையோ தம்பி, சர்வர் கோளாறு, 48 மணி நேரத்துல பணம் தானா திரும்பிரும், நான் பொறுப்பு" என்றான். அதையும் நம்பினேன்.

ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. நாங்கள் ரோட்டுப் பக்கம் நின்றோம். காற்று தெற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்ததால் பாட்டை எல்லாம் வடகடல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. குரல் கேட்கவில்லை, கிட்டார் கேட்கவில்லை. பேஸும் டிரம்ஸின் அடியும் மட்டும் மணல் வழியாகக் காலுக்கு வந்தது. எந்தப் பாட்டு என்று அந்தத் தாளத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். தங்கை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

பரமக்குடிப் பையன்களில் ஒருவன், காற்று அங்கேதானே போகிறது, கடல் பக்கம் சுற்றிப் போவோம் என்றான். நாட்டுப்படகு ஏற்றி வைத்திருந்த இடம் வழியாகப் போய் முழங்கால் தண்ணீரில் நின்றோம். வடகடல் இந்த மாதத்தில் குளம் மாதிரி அலையில்லாமல் கிடக்கும். அங்கே எல்லாம் கேட்டது! உப்பளத்தில் வேலை செய்த பாட்டியைப் பற்றி அவர்கள் பாடுகிற பாட்டு முழுசாக, ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கடைசியில் கிட்டார் உரக்க எழுந்து கதறுகிற இடம் வந்தபோது தண்ணீரில் நின்ற அத்தனை பேரும் சேர்ந்து பாடினோம். போனில் நூறு தடவை கேட்ட பாட்டுதான். நேரில் அது நெஞ்செலும்பில் வந்து மோதுகிறது. வாழ்க்கையில் முதல் தடவை. அந்த ஒரு பாட்டுதான். அடுத்த பாட்டுக்குள் காவலாளி டார்ச் அடித்து எங்களை விரட்டிவிட்டார். திருட்டுத்தனமாகக் கேட்க வந்தவர்கள் மாதிரி விரட்டினார். கையில் 9,800 ரூபாய் கட்டிய ரசீது இருக்கிறது, விரட்டுகிறார்.

திறந்த வெளியில் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் சரியாகப் பத்துக்கு முடித்தார்கள். சாமான் ஏற்றும்போது டிரம்ஸ் வாசிப்பவர் வேனுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தங்கை போய்ச் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. தங்களுக்கே பாதிப் பணம்தான் வந்திருக்கிறது, மீதி வாசல் வசூலில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சினிமாக் கம்பெனி பின்னால் இல்லாத குழுக்கள் இவை. டிக்கெட்டிலும் டி-ஷர்ட்டிலும் வருகிற காசில்தான் அடுத்த பாட்டைப் பதிவு செய்கிறார்கள். நான் அவர்களுக்கென்று கொடுத்த 9,800 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அவர்களுக்குப் போகவில்லை.

கூடாரம் இல்லை, ராத்திரியே திரும்பினோம். பாம்பன் பாலத்தில் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. பின்னால் தங்கை ஒன்றும் பேசவில்லை. புளிச்சோறு பிரிக்காமலே வீட்டுக்கு வந்தது.

அந்த 48 மணி நேரம் இருக்கிறதே, அதுதான் இரண்டாவது ஏமாற்று. திங்கட்கிழமை ராத்திரி வரை காத்திருந்தேன். செவ்வாய் காலை வங்கிக்குப் போனால், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அப்புறம்தான் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அடித்தேன். அவர்கள் முதலில் கேட்டது, அன்றைக்கே ஏன் அடிக்கவில்லை என்பதுதான். உடனே சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கிப் பார்க்கலாம். இரண்டு நாள் போனால் அது எங்கெங்கோ போய்விடும். அவன் 48 மணி நேரம் கேட்டது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. புகார் பதிவாகியிருக்கிறது, எண் கையில் இருக்கிறது. பணம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

தளத்துக்கு ஆறு மின்னஞ்சல் போட்டேன். வந்த பதில் ஒன்றே ஒன்று: "உங்கள் பெயரில் எங்களிடம் முன்பதிவு எதுவும் இல்லை." சரி, இல்லை. நான் கேட்பது வேறு. நாலு டிக்கெட்டும் இரண்டு கூடாரமும் தேர்ந்தெடுத்தேன், பணம் கட்ட முடியாமல் நின்றேன் என்பது எனக்கும் உங்கள் தளத்துக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பத்து நிமிஷத்தில் என் எண்ணோடு சேர்ந்து அது அந்த ஆளுக்கு எப்படிப் போனது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆறு தடவை கேட்டுவிட்டேன்.

சரி, சொல்வதாகச் சொன்னது. தளத்தில் பணம் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தனி ஆள் யுபிஐக்கு அனுப்பாதீர்கள், திரையில் வருகிற பெயரைப் பார்த்து நிறுத்துங்கள். குழுவின் பக்கத்துக்கே ஒரு செய்தி போட்டு எங்கே டிக்கெட் என்று கேளுங்கள், அந்த டிரம்ஸ்காரர் சொன்னது, பதில் போடுவார்களாம். நாலு டிக்கெட் வந்தால் நாலு கியூஆர் கோடும் வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே 1930, இல்லையென்றால் cybercrime.gov.in என்ற இணையதளம், யார் எத்தனை மணி நேரம் கேட்டாலும் காத்திருக்காதீர்கள். பணம் அனுப்பியதற்கான 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணை எழுதி வையுங்கள், வாட்ஸ்அப் பேச்சைப் படம் எடுத்து வையுங்கள். என்னுடையதில் பாதியை அவன் அழித்துவிட்டான்.

இன்னொன்று. அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்ற முப்பது பேரில் யாராவது இதைப் படித்தால், முக்கியமாக அந்தப் பரமக்குடிப் பையன்கள், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். ராமநாதபுரம் சைபர் பிரிவில் திங்கட்கிழமை நேரில் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன். என் 9,800ஐ மட்டும் எழுதிக் கொடுப்பதை விட, உங்கள் பணத்தையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். அன்றைக்கு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.