முதல் நூறு கிலோமீட்டர்: அமாஷோவாவா, கேப் டவுனா, ஜோபர்க்கா?

சைக்கிள் வாங்கி ஆறு மாதம் ஆனால் போதும், எல்லாரும் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "அண்ணே, முதல்ல எந்த ரைடுக்குப் பேர் குடுக்கலாம்?" டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஞாயிறு விடியலில் ஓட்டும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இந்த மண்ணிலேயே பிறந்த தமிழர்கள். மீதிப் பேர் என்னைப் போல் வேலைக்கு வந்து, வேர் பிடித்து, ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள். தென்னாப்பிரிக்காவின் மூன்று பெரிய ஒருநாள் ரைடுகளையும் ஓட்டியிருக்கிறேன். ஒன்றை ஓட்டாமலே திரும்பியும் வந்திருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

கேப் டவுன் சைக்கிள் டூர் 109 கிலோமீட்டர், மார்ச்சில். அமாஷோவா 106, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு, அக்டோபரில். ஜோஹன்னஸ்பர்க்கில் நடக்கும் ரைட் ஜோபர்க் 97, நவம்பரில். தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க இதில் ஒன்றுமே இல்லை. மூன்றும் உடம்பை அடிக்கும் இடம்தான் வேறு. கேப் டவுனில் காற்று, அமாஷோவாவில் ஏற்றம், ஜோபர்க்கில் மூச்சு.

எல்லாரும் முதலில் கேட்பது கேப் டவுனைத்தான். நியாயம்தான். 1977-ல் சைக்கிளுக்குப் பாதை வேண்டும் என்று ஊர்வலமாக ஓட்டிய கூட்டத்திலிருந்து முளைத்தது அது. அடுத்த ஆண்டு நடந்த முதல் பந்தயத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். இப்போது முப்பத்தைந்தாயிரம் பேர் வாக்கில். பழைய ஆட்கள் இன்னும் 'ஆர்கஸ்' என்றுதான் சொல்வார்கள், அந்தப் பத்திரிகைப் பெயர் போர்டிலிருந்து போய்ப் பல வருஷம் ஆன பிறகும். ஊருக்குள் புறப்பட்டு, ஃபால்ஸ் விரிகுடாவை ஒட்டி மியூசன்பர்க், ஃபிஷ் ஹூக், சைமன்ஸ் டவுன் வழியாகத் தெற்கே இறங்கி, தீபகற்பத்தைக் கடந்து அட்லாண்டிக் பக்கம் ஏறி, ஸ்காபரோ, கொமெட்கி, நூர்ட்ஹூக் எனத் திரும்பி வந்து கிரீன் பாயின்ட்டில் முடியும். இடையில் சாப்மன்ஸ் பீக்: ஒன்பது கிலோமீட்டரில் 114 வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேராகக் கீழே கடல். 1922-ல் திறந்த அந்தச் சாலையில் கார் இல்லாமல் ஓட்டக் கிடைப்பதே பேர் கொடுத்த பணத்துக்குச் சரியாகப் போய்விடும். அழகில் இதை அடிக்க மற்ற இரண்டாலும் முடியாது. அதில் வாதமே இல்லை.

ஆனால் அந்தக் காற்று. தென்கிழக்குக் காற்றுக்கு அந்த ஊரில் 'கேப் டாக்டர்' என்று செல்லப் பெயர், ஊரின் அழுக்கை அடித்துக்கொண்டு போகுமாம். 2017 மார்ச்சில் அந்த டாக்டர் எங்களையும் பார்த்தார். புறப்படும் இடத்துக்கு நடந்து போகும்போதே சைக்கிளைக் கையில் பிடித்திருக்க முடியவில்லை. முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி, கொடி மாதிரி பக்கவாட்டில் படபடத்தது. எனக்கு முன்னால் ஒரு பெரிய ஆள் ஹேண்டில்பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் சில குழுக்கள் கிளம்பியதுமே ரைடை நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு, அந்தக் காற்றில் ஆளை விட்டிருந்தால் எலும்பு எண்ண வேண்டியிருந்திருக்கும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2015-ல், மலைக்காட்டுத் தீயால் 47 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். 2002-ல் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டி, பாதியில் நிறுத்தினார்கள். ஆக, டர்பனிலிருந்து விமானம் ஏறிப் போய் சைக்கிளை மிதிக்காமலே திரும்பும் வாய்ப்பு இந்த மூன்றில் இதற்குத்தான் அதிகம்.

மறு வருஷம் போய் முடித்தேன். சைமன்ஸ் டவுன் தாண்டி ஸ்மிட்ஸ்விங்கல் ஏற்றம் வரை நன்றாகத்தான் இருந்தது. சுய்கர்போசிதான் கொன்றது. ஹவுட் பேயிலிருந்து கிளம்பும் அந்த ஏற்றம் இரண்டு கிலோமீட்டர்கூடச் சரியாக இருக்காது. மற்ற நாளில் ஓட்டினால் ஒரு பொருட்டே இல்லை. அது தொண்ணூறாவது கிலோமீட்டர் வாக்கில் வருகிறதே, அதுதான் விஷயம். பின்சக்கரத்துப் பெரிய கியருக்கு 28 பல் போட்டுப் போயிருந்தேன். பல் கூடினால் ஏற்றத்தில் மிதி லேசு; 32 போட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை நினைத்தேன். அப்போது பசுமாட்டு உடை போட்ட ஒருவர், மடி எல்லாம் தொங்க, என்னைத் தாண்டிப் போனார். குழந்தைப் புற்றுநோய்க்கு நிதி திரட்டுகிறவர்கள் அப்படித்தான் உடுத்தி ஓட்டுவார்கள். நல்ல காரியம். ஆனாலும் ஏற்றத்தில் ஒரு மாடு நம்மை ஓவர்டேக் செய்வது மனுஷனுக்கு லேசான அனுபவம் இல்லை.

இனி நம்ம ஊர் அமாஷோவா. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் பற்றித்தான் அதிகம் பொய் உலவுகிறது.

முதல் பொய்: "எல்லாம் இறக்கம்தானே!" மலைநாட்டிலிருந்து கடலுக்கு வருகிறோம், வாஸ்தவம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் அறுநூறு மீட்டர் உயரம். ஆனால் சாலை அங்கிருந்து நேராகக் கீழே வருவதில்லை. முதலில் ஊரைச் சுற்றிய கிண்ணத்தை விட்டு வெளியே ஏறுகிறது. உம்லாஸ் ரோடு பக்கம் எண்ணூறு மீட்டரைத் தொட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு. கேம்பர்டவுன், கேட்டோ ரிட்ஜ் வரை காற்று நம் பக்கம் இருந்தால் பறக்கலாம். பிறகு இஞ்சாங்கா, டிரம்மண்ட் பள்ளம், அதிலிருந்து போத்தாஸ் ஹில் ஏற்றம். இறக்கத்தில் சம்பாதித்ததை எல்லாம் ஏற்றத்தில் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும். இதே இரண்டு ஊர்களுக்கு நடுவே நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். பெரும்பாலும் அதே சாலைதான். கால் தயாராக இல்லாதவன் போத்தாஸ் ஹில்லில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். ஒரு வருஷம் அது நானே. நடந்தால் ஒரு லாபம் உண்டு: இடப்பக்கம் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு குன்றாக வெளியே வருவதை நின்று பார்க்கலாம்.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஜூலு மூதாட்டி எங்களைப் பார்த்து "ஷோவா! ஷோவா!" என்று கையை ஆட்டினார். மிதி, மிதி என்று அர்த்தம். ரைடின் பெயரே அதிலிருந்துதான். அவர் கண் எதிரில் இறங்கித் தள்ள வெட்கமாக இருந்ததால் அந்த வளைவு வரை மிதித்தேன்.

இரண்டாவது, பொய் இல்லை, புரட்டாசி. அமாஷோவா அக்டோபர் நடுவில் வருவதால் பயிற்சியின் கடைசி மாதம் முழுக்க விரதத்தில் கழியும். டர்பன் தமிழர்கள் மற்ற மாதம் எப்படியோ, புரட்டாசியில் கவுச்சியைத் தொடமாட்டார்கள். "கறி இல்லாம எப்படி நூறு கிலோமீட்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. பருப்பும் சோறும் பீன்ஸ் கறியும் சைக்கிள்காரனுக்கு அமிர்தம். எனக்கு மாவுச்சத்து குறைந்ததே இல்லை. ஆபத்து விரதத்தில் இல்லை, விரதம் முடிப்பதில்தான். ஒரு வருஷம் ரைடுக்கு முந்தின இரவு புரட்டாசி முடிந்திருந்தது. என் மச்சான் ஒரு மாதப் பாக்கியை ஒரே வேளையில் தீர்த்தான்: ஆட்டுக்கறி, அதன் மேல் மீன். மறுநாள் கேட்டோ ரிட்ஜ் வரும்போது முகம் வெளிறிவிட்டது. அமாஷோவாவிலேயே 65 கிலோமீட்டர் ரைடு ஒன்றும் உண்டு, அதை ஓட்டுகிறவர்கள் புறப்படும் இடம் அது. புத்தம் புதிதாக, சிரித்துக்கொண்டு கிளம்பும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இவன் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். இன்றுவரை குடும்ப விசேஷங்களில் ஆட்டுக்கறி பரிமாறும்போது யாராவது "மச்சான், நாளைக்கு ரைடு இருக்கா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

அந்த 65 இருப்பதே அமாஷோவாவின் பெரிய பலம். ஹில்கிரெஸ்டிலிருந்து 35 கிலோமீட்டரும் உண்டு. அப்பா 106, மகள் 65, பள்ளிக்கூடப் பையன் 35, எல்லாரும் டர்பனில் ஒரே கோட்டில் முடிக்கலாம். குறை என்றால், புறப்படும் இடமும் முடியும் இடமும் வேறு. விடியற்காலை மூன்றரைக்கு யாராவது காரில் மாரிட்ஸ்பர்க் கொண்டுபோய் விட வேண்டும். 1893 ஜூனில் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டுக் குளிரில் உட்கார்ந்திருந்த ஊர் அது. நாலு மணி இருட்டில் மெல்லிசு ஜெர்சியோடு நடுங்கிக்கொண்டு நிற்கும்போது அவர் ஞாபகம் தானாகவே வரும்.

ஜோபர்க்குக்கு வருவோம். சுருக்கமாகவே சொல்கிறேன், எனக்கு அதில் பெரிய காதல் இல்லை. 1997-ல் ஒரு வானொலி நிலையத்தின் அலைவரிசை எண்ணையே தூரமாக வைத்து, 94.7 கிலோமீட்டர் என்று தொடங்கியது. யோசனை அழகு. பாதை அடிக்கடி மாறியிருக்கிறது. ஆனால் எம்1 நெடுஞ்சாலையில், மற்ற நாளில் கார்கள் முட்டிக்கொண்டு நிற்கும் அதே சாலையில், நடுக்கோட்டில் சைக்கிள் விடும் சுகம் தனி. நெல்சன் மண்டேலா பாலத்தின் கம்பிகளுக்கு அடியில் போகும்போது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

கடலோர ஆட்களுக்குச் சங்கடம் உயரம்தான். ஜோபர்க் 1,700 மீட்டர் வாக்கில் இருக்கிறது; காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் குறைவு. இதில் ஒரு வேடிக்கை. காற்று மெலிந்திருப்பதால் சமதரையில் அது நம்மை எதிர்ப்பதும் குறைவு. சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும், 'நாம தேறிட்டோம்' என்று தோன்றும். முதல் ஏற்றம் வந்ததும் குட்டு வெளிப்படும். அங்கே எதிர்ப்பது காற்று இல்லை, நம் எடை. அது குறைவதில்லை, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் மட்டும்தான் குறைகிறது. டர்பனில் பேசிக்கொண்டே ஏறும் சரிவில் நான் வாயைத் திறந்தது மூச்சுக்கு மட்டும்தான். கூடவே நவம்பர் மாலை இடிமழை வேறு. பின்குழுவில் கிளம்பி மெதுவாக ஓட்டுகிறவர் வானத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவில் ஜோபர்க் கெட்டிக்காரத்தனம். என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம், வான் ரீனன் கணவாய் ஏறி, சைக்கிளைக் கார் முதுகில் கட்டிக்கொண்டே போய்விடலாம். ஜோபர்க் பக்கம் இந்தியர்கள் வாழும் லெனேசியாவில் சொந்தக்காரர் இல்லாத டர்பன் தமிழர் அபூர்வம், தங்குமிடமும் இட்லியும் அதோடு தீர்ந்தது. கேப் டவுனுக்கு விமானம், ஓட்டல், சைக்கிள் பெட்டி மூன்றும் சேர்ந்துகொள்ளும். பெட்டியில் அனுப்பிய என் சைக்கிள் ஒரு தடவை பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்து வந்து சேர்ந்தது. சனிக்கிழமை மத்தியானம் முழுக்க ஊர் பார்க்காமல் கடை கடையாக அந்தத் துண்டைத் தேடினேன். அதிலிருந்து உபரியாக ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். அமாஷோவாவுக்குச் செலவு, காரில் கொண்டுபோய் விடுகிறவருக்குப் பெட்ரோலும் ஒரு குவார்ட்டர் பன்னி சௌவும், அதாவது கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய டர்பன் சாப்பாடு.

ஆக என் கணக்கு இது. முதல் ரைடு என்றால் அமாஷோவா, சந்தேகமே வேண்டாம். வீட்டுப் பக்கம் என்பதால் மட்டும் இல்லை. இந்த ரைடுகளில் எந்தக் குழுவில் நிறுத்துவார்கள் என்பது முந்தைய ரைடுகளில் எடுத்த நேரத்தைப் பொறுத்தது, சீடிங் என்பார்கள். நேரமே பதியாத புது ஆள் கடைசிக் குழுக்களில் கிளம்புவார். கேப் டவுனில் முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி. பொழுது ஏற ஏறத் தென்கிழக்கும் ஏறும். அங்கே மெதுவாக ஓட்டுகிறவருக்குத்தான் பலத்த காற்று. அக்டோபரில் அமாஷோவாவில் ஒரு யோக்கியமான நேரம் எடுத்து வைத்தால் மார்ச்சில் கொஞ்சம் முன்னால் நிற்கலாம். ஏழு மணி நேரக் கெடு கேப் டவுனில்; கழுத்தில் கத்தி இல்லாமல் சாப்மன்ஸ் பீக்கைப் பார்க்க வேண்டுமானால் அந்த அரை மணி, ஒரு மணி முன்னே கிளம்புவது பெரிய விஷயம்.

வேலையே ஜோபர்க்கில் என்றால் பேச்சே இல்லை, அங்கேயே ஓட்டுங்கள். உங்கள் நுரையீரல் ஏற்கனவே வாடகை கட்டிவிட்டது. ஏற்றம் கண்டாலே பயம் என்றால் கேட்டோ ரிட்ஜில் ஏறிக்கொள்ளுங்கள், ஆனால் போத்தாஸ் ஹில் அந்த 65-லும் உண்டு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சாட்ஸ்வொர்த்தில் என்னோடு தமிழிலேயே பேசுகிற சிலரில் ஒருவர். கேப் டவுன் மெடலைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "இதுக்கா தம்பி பிளேன்ல போனே?" என்றார். அமாஷோவா மெடலைக் காட்டியபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். "மாரிட்ஸ்பர்க்லேர்ந்தா? அங்கேர்ந்துதானே என்னைக் கட்டிக் குடுத்தாங்க. அன்னிக்கு லாரியில வந்தோம், அதுவே மலைமேட்டுல மூணு தடவை நின்னுது."