உறவினர் வீட்டு முகவரியா, விடுதி முன்பதிவா? பிரான்ஸ் விசாவுக்கு இரண்டு வழிகள்

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பிரான்சுக்குக் குறுகிய கால விசா கேட்பவர்களில் பலருக்கு அங்கே சொந்த இரத்தம் இருக்கிறது. புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் கிளைகள் ஒருபுறம். படிப்புக்கும் வேலைக்கும் போய் அங்கேயே தங்கிவிட்ட பிள்ளைகள் மறுபுறம். மகளின் பேறுகாலம், பேரனின் புதுநன்மை, தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா என்று புறப்படுகிறவர்களுக்கு, விசா விண்ணப்பத்தில் முதலில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: அங்கே எங்கே தங்கப் போகிறீர்கள்? இதற்கு உறவினர் வீட்டு முகவரியைக் காட்டலாம். விடுதி முன்பதிவையும் காட்டலாம். இரண்டும் சட்டப்படி ஏற்கத்தக்கவை. ஆனால் செலவும், கால அவகாசமும், சேர்க்க வேண்டிய தாள்களும், தவறினால் வரும் விளைவும் இரண்டுக்கும் பெரிதும் வேறுபடுகின்றன.

உறவினர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால், 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' எனப்படும் வரவேற்புச் சான்று வேண்டும். அழைப்பவர் தாம் குடியிருக்கும் ஊரின் மேரிக்கு நேரில் சென்று இதைப் பெற வேண்டும். (புதுச்சேரிக்காரர்களுக்கு மேரி என்றதும் கடற்கரையில் 2014-இல் இடிந்து விழுந்து, பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் நினைவுக்கு வரும், பிரான்சில் ஒவ்வொரு ஊரின் நகராட்சி அலுவலகத்துக்கும் அதே பெயர்தான்.) அடையாள அட்டை, வீட்டு உரிமைப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, விருந்தினருக்கு இடமிருக்கிறது என்பதற்கான விவரம் ஆகியவற்றோடு 30 யூரோ வரிவில்லையும் கொடுக்க வேண்டும்; சான்று மறுக்கப்பட்டாலும் அந்தத் தொகை திரும்பி வராது. மேயர் விரும்பினால் வீட்டை நேரில் பார்வையிடச் செய்யலாம். விருந்தினரால் தம் செலவைச் சமாளிக்க முடியாத நிலை வந்தால் தாமே ஏற்பதாகவும் அழைப்பவர் கையொப்பமிடுகிறார். சில ஊர்களில் அன்றே கையில் கிடைக்கும் இந்தச் சான்று, வேறு சில ஊர்களில் வாரக்கணக்கில் இழுக்கும். கிடைத்த பிறகு அதன் அசல் தபாலில் இங்கே வந்து சேர வேண்டும்.

விடுதி முன்பதிவுக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. அரைமணி நேரத்தில் இணையத்தில் பதிவுசெய்து அச்செடுத்துவிடலாம். இந்த வேகத்தினால்தான் நம் பகுதி ஏஜென்டுகள் பலரும் இதையே பரிந்துரைக்கிறார்கள். என் குடும்பமும் முதலில் இதைத்தான் நம்பியது. பாரிசுக்கு அருகில் வசிக்கும் தங்கையைப் பார்க்க என் பெற்றோர் 45 நாள் பயணமாகப் புறப்பட எண்ணியபோது, ஒரு ஏஜென்ட், "சொந்தக்காரர் இருப்பதைக் காட்டினால் அங்கேயே தங்கிவிடுவீர்கள் என்று சந்தேகப்படுவார்கள், சுற்றுலா என்றே போட்டுவிடலாம்" என்றார். பணம் கட்டாத முன்பதிவு ஒன்றை இணைத்தார். விண்ணப்பம் உள்ளே போன சில நாட்களில் அந்த முன்பதிவு ரத்தாகிவிட்டது. பயண நோக்கம் பற்றியும் தங்கும் நிபந்தனைகள் பற்றியும் தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்ற காரணத்தோடு இருவருக்கும் மறுப்பு வந்தது. எழுபது வயதை நெருங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "நம்மைப் பொய்யர் என்று எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டார். ஏஜென்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; படிவத்தில் கையொப்பமிட்டவர்கள் என் பெற்றோர், அதைப் படித்துப் பார்க்காமல் அனுப்பியவன் நான்.

ஏஜென்ட் சொன்ன அந்த அச்சம் நம் ஊரில் பரவலாக இருப்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். திரும்பி வருவார்களா என்ற ஐயம் விசா அதிகாரிக்கு எழுவது இயல்பு. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்ப்பவை ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு அறிக்கை, பட்டா, இங்கே காத்திருக்கும் குடும்பப் பொறுப்புகள் போன்ற இங்குள்ள ஆதாரங்களே. மகளை மறைப்பதால் அந்த ஐயம் குறைவதில்லை. மாறாக, எழுபது வயதுத் தம்பதி எந்த ஊரையும் குறிப்பிடாமல் ஒரே விடுதியில் 45 நாள் தங்குவார்கள் என்ற கதைதான் புதிய ஐயத்தைக் கிளப்புகிறது. மறுக்கப்பட்ட விவரம், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் தொகுப்பில் ஐந்து ஆண்டுகள் இருக்கும் என்பதால், அடுத்த முறை வேறு நாட்டில் விண்ணப்பித்தாலும் அது அதிகாரியின் கண்ணில் படும்.

பணக் கணக்கிலும் வரவேற்புச் சான்றுக்கே சாதகம். விடுதியில் தங்குவோர் நாளொன்றுக்கு ஒருவருக்கு 65 யூரோ கையிருப்பு இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது பிரான்சின் அளவுகோல். முன்பதிவே இல்லாத நாட்களுக்கு அது 120 யூரோ. வரவேற்புச் சான்று உள்ளவருக்கு 32.50 யூரோ போதும். 45 நாளைக்கு ஒருவருக்கு 2,925 யூரோ காட்ட வேண்டிய இடத்தில் 1,462.50 யூரோ போதுமென்றால், ஓய்வூதியத்தில் வாழும் தம்பதிக்கு அது சிறிய வேறுபாடு அன்று. திடீரென்று கணக்கில் பெருந்தொகையைப் போட்டுக் காட்டும் வழக்கத்துக்கும் அதனால் தேவை குறைகிறது.

இருந்தாலும் வரவேற்புச் சான்று எல்லாருக்கும் பொருந்தாது. மாணவர் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருக்கும் மகனால் பெற்றோருக்கு இடவசதி காட்ட முடியாது. அங்கே உண்மையாகவே பணம் கட்டிய விடுதி முன்பதிவுதான் சரியான வழி. பத்து நாள் சுற்றுலாவுக்கும் அதுவே. இருபது நாள் மகள் வீட்டிலும் ஐந்து நாள் தெற்கே ஒரு விடுதியிலும் தங்குவதாக இருந்தால், அந்தந்த நாட்களுக்கு உரிய தாளை இணைத்தால் போதும்; ஒன்றை மறைத்து மற்றதை நீட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் முறை தங்கை மேரியில் சான்று வாங்கி அனுப்பினாள். அப்போதுதான் நம் பெயர் வைக்கும் முறையால் வரும் தொல்லை தெரிந்தது. தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருக்கும், அல்லது தந்தை பெயர் அங்கே ஏறியிருக்கும். தங்கை அம்மாவின் பெயரை நாங்கள் வீட்டில் எழுதும் விதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். கடவுச்சீட்டில் எழுத்து வேறு. மீண்டும் மேரி, மீண்டும் 30 யூரோ. அழைப்பவருக்குக் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, பெயர், எண், பிறந்த தேதி மூன்றையும் அதைப் பார்த்தே நிரப்பச் சொல்வது நல்லது. மகள் என்பதை நிறுவும் பிறப்புச் சான்று தமிழில் இருந்தால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பு வேண்டும்.

இனி, ஏஜென்ட் மூலமா, நாமேயா என்ற கேள்வி. கைரேகை கொடுக்க விண்ணப்பதாரர் எப்படியும் நேரில் போக வேண்டும். 59 மாதங்களுக்குள் கொடுத்திருந்தால் மட்டுமே விலக்கு கிடைக்கலாம். ஆகவே ஏஜென்டால் பயணம் மிச்சமாவதில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரியில் உள்ள விசா விண்ணப்ப மையத்துக்குப் பேருந்தில் காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். சென்னை என்றால் முதியவர்களுக்கு ஒரு முழு நாள் போய்விடும். மையத்தில் தாள்களைச் சரிபார்த்து அனுப்புவார்கள். முடிவு செய்வது தூதரகத் தரப்பு மட்டுமே. ஏஜென்ட் தட்டச்சு செய்யலாம், வரிசைப்படுத்தலாம். முடிவை மாற்ற அவரால் முடியாது. கணினி பழக்கமில்லாதவருக்கு அந்த உதவி மதிப்புள்ளதுதான், விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருந்து, முழு நகலும் உங்கள் கைக்கு வரும் வரையில். வேறு நாட்டின் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது, அங்கே போடலாம் என்று சொன்னால் மட்டும் விலகிவிடுங்கள். அதிக நாள் தங்கப் போகும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி.

எந்த வழியானாலும் மாறாதவை சில. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சில வேளை 45 நாள் வரை நீளும். மேரிக்கான காத்திருப்பையும் தபால் நாட்களையும் சேர்த்தால், உறவினர் வீட்டில் தங்குவோர் பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது பாதுகாப்பு. விடுதியில் தங்குவோருக்கு இரண்டு மாதம் போதும்.

என் பெற்றோருக்கு இரண்டாம் முறை விசா கிடைத்தது. வரவேற்புச் சான்றின் அசலைப் பெட்டியில் வைத்துவிடாமல் கைப்பையில் வைத்திருங்கள். பாரிசில் இறங்கியதும் எல்லைக் காவலர் அப்பாவிடம் முதலில் கேட்டது அதைத்தான்.