சாண்டர்சனா, லெ குவினா: ஒரு பனியன் கம்பெனிப் பரிசோதனை

இரண்டும் ஆங்கில பேண்டஸி, அதாவது மந்திர உலகக் கதைகள். இரண்டையும் இரவல் வாங்கித்தான் படித்திருந்தேன். பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ முதல் மூன்று பாகங்களும் மருமகனுடையவை. அர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ நூலகத்தில் எடுத்தது. ஈரோடு புத்தகத் திருவிழாவில், சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று நின்றபோதுதான் எது என்ற கேள்வி வந்தது.

“என்னுங்க மாமா, 1968ல எழுதுனதைப் போயி வாங்கறீங்க? சாண்டர்சன் மாதிரி புதுசா யோசிக்க ஆளே இல்லைங்க” என்றான் மருமகன்.

புதுமை என்று பார்த்தால் அவன் சொல்வது சரி. ‘மிஸ்ட்பார்ன்’ கெட்டவன் ஜெயித்து ஆயிரம் வருசம் ஆன உலகம், வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிறது. மந்திரம் என்பது உலோகத்தை விழுங்கி உள்ளே எரிப்பது. எஃகை எரித்தால் எதிரே உள்ள உலோகத்தைத் தள்ளலாம்; அது உன்னைவிடக் கனமென்றால் நீதான் பின்னால் போவாய். காசைத் தரையில் போட்டு அதை உந்தி மேலே பறக்கிறார்கள். பள்ளிக்கூட இயற்பியலே மந்திரமாகிவிடுகிறது.

லெ குவினிடம் இப்படிப் புதுச் சரக்கு இல்லை. ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதன் மேல் அதிகாரம் வரும், அவ்வளவுதான். ராத்திரியில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம் வரை பதில் சொல்லாதே என்று எங்கள் அம்மிச்சி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

ஆனால் எனக்கு முடிவைத் தந்தது நடை. லெ குவினே 1973ல் ஒரு கட்டுரையில் ஒரு வேலை செய்தார். அன்றைய பேண்டஸி நாவல் ஒன்றின் உரையாடலில் சில சொற்களை மட்டும் மாற்றினார். அது வாஷிங்டன் அரசியல் நாவலாகிவிட்டது. அப்படி மாற்ற முடிந்தால் அங்கே வேற்றுலகம் மொழியில் இல்லை என்பது அவர் கட்சி.

நான் அதைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தேன். ‘மிஸ்ட்பார்ன்’ கொள்ளைக்கூட்டம் உட்கார்ந்து திட்டம் போடும் இடத்தில் பிரபுவை பையராகவும் (சரக்கு வாங்குபவர்), படையை ஆர்டராகவும் மாற்றிப் பார்த்தேன். பனியன் கம்பெனிப் பங்குதாரர்கள் டீ குடித்துக்கொண்டு ஷிப்மென்ட் பேசுவதுபோலவே ஓடியது. நகைச்சுவைகூட மாறவில்லை.

எர்த்சீயில் ஓகியன் என்ற குரு வருவார். மழையைத் திருப்பிவிடத் தெரிந்தவர். திருப்பாமல் நனைந்துகொண்டே நடப்பார். சீடனுக்கு எரிச்சல். ஓகியனை சூப்பர்வைசராக்கிப் பார்த்தேன், வாக்கியமே உடைந்துபோனது. அந்தச் சுருக்கமும் மௌனமும்தான் அங்கே மந்திரம், பெயர்கள் அல்ல. இரண்டாம் தரம் படிக்கும்போது அது கூடுகிறது. சாண்டர்சனில் முடிச்சுகள் அவிழ்ந்துவிட்ட பிறகு நான் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனேன்.

இதில் என் எல்லையும் உண்டு. சாண்டர்சனின் பெரிய வரிசையான ‘ஸ்டார்ம்லைட்’டை நான் தொடவில்லை, நடை அங்கே வேறாக இருக்கலாம். தமிழ் மீடியத்தில் படித்த காதுக்கு ஆங்கில நடை எவ்வளவு பிடிபடும் என்பதும் நியாயமான கேள்வி. எர்த்சீ முதல் நாவலில் பெண்களுக்கு இடம் குறைவு. ‘மிஸ்ட்பார்ன்’ நாயகி வின் அந்த வகையில் பல படி மேல்.

எர்த்சீதான் வாங்கினேன். போன வாரம் மருமகன் வந்து இரவல் கேட்டான். இங்கேயே திண்ணையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போ என்றேன்.