15 வாட் ஆம்புக்கு க்ரீம்பேக் ஸ்பீக்கர்: வெள்ளவத்தை வீட்டில் எட்டு மாதம்

என்னிடம் இருக்கும் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், மூன்றாவது பதிப்பு. 15 வாட், ஒலியைப் பெருக்க ஈஎல்84 என்கிற கண்ணாடி டியூப் இரண்டு, ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். தைப்பொங்கல் முடிந்த கையோடு அதற்குள் செலஸ்டியன் கம்பெனியின் ஜி12எம்-65 க்ரீம்பேக் என்கிற கிட்டார் ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டேன். எட்டு மாதமாக வீட்டிலும், ஞாயிறுகளில் கோயில் பாடகர் குழுவோடும், இரண்டு கல்யாண மண்டபங்களிலும் வாசித்துப் பார்த்துவிட்டேன். மாடிவீட்டில் வாசிக்கிறவருக்கும் சின்ன மேடையில் வாசிக்கிறவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். பெரிய மண்டபத்தில் மைக் வைக்காமல் ஆம்பை மட்டும் நம்பி நிற்கிறவர் இதை வாங்க வேண்டாம். இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், இதற்கு முன் வாட்ஸை மட்டும் பார்த்து ஒரு ஸ்பீக்கர் வாங்கிக் காசைத் தொலைத்தேன், அது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

எங்கள் வீடு மரைன் டிரைவிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பி, மின்விசிறி, ஃபிரிட்ஜின் பின்பக்கம் என்று உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. போன வருடம் மழைக்காலத்தில் தடித்த ஈ கம்பியைத் தட்டினால் நாதத்துக்குப் பின்னால் காகிதத்தை நகத்தால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் வரத் தொடங்கியது. முதலில் டியூப்தான் போய்விட்டது என்று நினைத்தேன். பின்பலகையைக் கழற்றி, ஆம்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரின் கோன் என்கிற காகிதக் கூம்பின் நடுப்பகுதியில் இரண்டு கட்டை விரல்களையும் எதிரெதிரே வைத்து மெதுவாக உள்ளே அமுக்கினேன். கோனை அசைக்கிற கம்பிச் சுருள், அதாவது கொயில், சர்ர் என்று உரசியது. நல்ல ஸ்பீக்கர் என்றால் ஒரு சத்தமும் இல்லாமல் போய்த் திரும்பி வர வேண்டும். பழைய ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பரிசோதனையை அங்கேயே செய்து பாருங்கள், விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கழற்றிப் பார்த்தால் இரும்புச் சட்டம் முழுக்கப் பொருபொருவென்று துரு, கம்பி செருகுகிற இடத்தில் பச்சை பூத்திருந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத்தெருவுக்கு அருகே ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஸ்பீக்கர் திருத்துகிற நானா ஒருவர் இருக்கிறார், எங்கள் குழுவின் பேஸ் ஸ்பீக்கரை இரண்டு தடவை பிழைக்க வைத்தவர். அவர் கோனை அமுக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "தம்பி, புதுக் கொயில், புதுக் கோன் போட்டுத் தாரேன், சத்தம் வரும். ஆனா இந்தச் சத்தம் வராது. எங்கிட்ட இருக்கிற கோன் எல்லாம் பாட்டுப் பெட்டிக்கு உள்ளது" என்றார். காசு கிடைக்கிற வேலையை இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புகிற மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சி இருந்த அவசரத்தில் வேறொரு கடையில் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கினேன், 200 வாட், 8 ஓம் (மின்தடை, என் ஆம்புக்கு வேண்டியதும் அதுதான்) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, என் ஆம்ப் 15 வாட்தானே, தாராளமாகத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்தால் 3.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஆறரை, ஏழு என்று காட்டும், அது சரி, ஆனால் 3.4 என்றால் அது 4 ஓம் ஸ்பீக்கர், ஸ்டிக்கர் பொய். திருப்பிக் கொண்டுபோனதற்கு, மின்சாரச் சாமான் விற்றால் விற்றதுதான் என்றார்கள். அதோடு போயிற்று. அதனால் இப்போது யாரோடு ஸ்பீக்கர் வாங்கப் போனாலும் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

ஓம் சரியாக இருந்திருந்தாலும் அந்த ஸ்பீக்கர் கிட்டாருக்கு உதவியிருக்காது என்பதுதான் முக்கியமான விஷயம். பாட்டுக்கான ஸ்பீக்கர் வந்ததை வந்தபடி தர வேண்டும், அதற்காகக் கனமான கோன், ரப்பர் விளிம்பு, அடி ஆழமாக இறங்க நீண்ட அசைவு. கிட்டார் ஸ்பீக்கர் அப்படி இல்லை. மெல்லிய காகிதக் கோன், விளிம்பும் மடிப்பு மடிப்பாக அதே காகிதம், கொஞ்சம்தான் அசையும். 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே சத்தம் சட்டென்று விழுந்துவிடும், டிஸ்டார்ஷன் போட்டால் வருகிற கரகரப்பை அந்த வீழ்ச்சிதான் வடிகட்டித் தருகிறது. கோன் தானாகவே கொஞ்சம் நெளிந்து முறுகித் தருகிற நிறமும் கிட்டார் சத்தத்தின் ஒரு பாதிதான். நான் வாங்கிய ஸ்பீக்கரோ கம்பளி போர்த்திக்கொண்டு பேசுகிறவர் குரல் மாதிரி இருந்தது, அதிலும் சத்தம் பாதிகூட இல்லை.

சத்தம் ஏன் இல்லை என்று தேடியபோதுதான் சத்தத்தை அளக்கிற டெசிபெல் என்ற எண்ணைக் கவனித்தேன். ஸ்பீக்கரின் வாட்ஸ் அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு சத்தம் போடும் என்பதை அல்ல. அதைச் சொல்வது உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் என்ற கணக்கு. இதில் 3 டெசிபெல் கூடினால் ஆம்பின் வாட்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். க்ரீம்பேக் 97, விண்டேஜ் 30 என்கிற செலஸ்டியன் 100. அப்படியென்றால் என் 15 வாட் ஆம்பை விண்டேஜ் 30-இல் மாட்டினால் க்ரீம்பேக்கில் 30 வாட் ஆம்ப் வாசித்த அளவு சத்தம். எமினென்ஸ் கம்பெனியின் கன்னாபிஸ் ரெக்ஸ் 102 வரை போகிறது, க்ரீம்பேக்கை விட 5 டெசிபெல், கிட்டத்தட்ட மூன்று மடங்கு வாட்ஸ் கொடுத்த மாதிரி. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும் என்பதால் மூன்று மடங்கு சத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் டிரம்ஸ் பக்கத்தில் நிற்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆம்ப் போதவில்லை என்று பெரிய ஆம்ப் வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள்.

எனக்குத் தேவை நேர்மாறு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆச்சி இருக்கிறார், கீழ்வீட்டில் கைக்குழந்தை. டியூப் ஆம்ப் கொஞ்சமாவது திறந்தால்தான் உயிரோடு பேசும், திறந்தால் வீடு அதிரும். உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர் என்றால் அதே சத்தத்துக்கு வால்யூமை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோகலாம், டியூப் சூடேறி இனிக்கத் தொடங்கும். 97 என்ற எண் எனக்குப் பிடித்தது அதனால்தான்.

அதே குடும்பத்தில் க்ரீன்பேக் இருக்கிறது, 25 வாட் தாங்கும், 15 வாட் ஆம்புக்கு அதுவும் போதும். நான் க்ரீம்பேக்கை எடுத்தது அது 65 வாட் தாங்கும் என்பதால், நாளைக்கு 40 வாட் ஆம்ப் ஒன்று கைக்கு வந்தாலும் இதையே மாற்றிப் போடலாம். 15 வாட் என்று எழுதியிருக்கிற டியூப் ஆம்பை முழுக்கத் திறந்து டிஸ்டார்ஷனில் ஓட்டினால் அதைவிட அதிகமாகவே தள்ளும், அதனால் ஒரு ஸ்பீக்கர்தான் என்றால் ஆம்ப் வாட்ஸில் ஒன்றரை மடங்காவது தாங்குவதாகப் பாருங்கள். செலஸ்டியன் ப்ளூ என்றொரு புகழ்பெற்ற ஸ்பீக்கர், 1950களின் கடைசியில் வொக்ஸ் ஆம்புகளுக்காக வந்தது, கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் 15 வாட்தான் தாங்கும். 30 வாட் ஆம்பான வொக்ஸ் ஏசி30-இல் அதை இரண்டு போட்டதும் அதனால்தான். விலையும் என் கைக்கு எட்டாது.

இங்கே கடையில் தேடிக் கிடைக்கவில்லை. 2022-இல் ரூபாய் விழுந்த பிறகு இந்த மாதிரிச் சாமான்களைத் தருவித்து வைக்கிற கடை குறைந்துவிட்டது, விலை கேட்டாலும் மனம் தாங்காது. லண்டனிலிருந்து சித்தப்பா பொங்கலுக்கு வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தார். ஏறக்குறைய மூன்றரைக் கிலோ, அவர் திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் போயின. யாரிடமாவது சொல்லி அனுப்பச் சொன்னால் 8 ஓமா 16 ஓமா என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ப்ளூஸ் ஜூனியருக்கு 8. காந்தத்தின் ஆழத்தையும் அளந்து பாருங்கள், இந்த ஆம்பில் டியூப்கள் மேலிருந்து தலைகீழாகத் தொங்குகின்றன, கீழே எதிரொலி தருகிற ரிவேர்ப் பெட்டி, நடுவில்தான் ஸ்பீக்கருக்கு இடம்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. பிளக்கைக் கழற்றி, டியூப் ஆறும்வரை விட்டு, இரண்டு கம்பியை இழுத்தெடுத்து நட்டுகளைக் கழற்றினால் பழையது வந்துவிடும். புதியதை மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கே எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஒரு பக்கமே முறுக்கினால் சட்டம் வளைந்து கொயில் உரசும், புது ஸ்பீக்கர் அன்றைக்கே கெட்டுவிடும். எது பிளஸ் என்று சந்தேகம் வந்தால் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் முன்னால் துள்ளும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஸ்பீக்கர் கம்பி கழன்றிருக்கும்போது டியூப் ஆம்பைப் போட்டு வாசிக்காதீர்கள், டியூப்களையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம், அதற்கு முன்னால் ஸ்பீக்கர் விலை ஒன்றுமே இல்லை.

சரி, சத்தம். முதல் சில வாரம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மேல் ஓரம் இறுக்கமாக, கொஞ்சம் வறண்டு கேட்டது. கோன் வாசிக்க வாசிக்க இளகும் என்று சொல்வார்கள், நானும் பாதி நம்பாமல்தான் இருந்தேன், ஆனால் மாசி கடைசியில் ஒரு நாள் பின்னேரம் என் டெலிகாஸ்டர் கிட்டாரின் கழுத்துப் பக்கப் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) ஜி கம்பியை மெல்ல இழுத்து நிறுத்தியபோது நாதம் தேயாமல் உருண்டு நின்றது, வீணையில் கமகம் இழுத்த பிறகு நிற்கிற கார்வை மாதிரி. அதற்குப் பிறகு அந்த வறட்சியைக் கேட்கவில்லை. முன்பு ப்ளூஸ் ஜூனியரில் பெட்டிக்குள்ளிருந்து பேசுகிற ஒரு மூடிய தொனி இருக்கும், சின்னப் பெட்டி என்பதால். அது முழுக்கப் போகவில்லை, ஆனால் நடுச்சுருதி நிறைந்துவிட்டதால் உறுத்தாது. வால்யூம் நான்கைத் தாண்டினால் கோர்டுக்குள் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கேட்கிறது. கோயிலில் ஆர்மோனியத்துக்கும் குரலுக்கும் இடையில் முட்டிமோதாமல் உட்கார்ந்துகொள்கிறது.

குறை இரண்டு. ஒன்று, மண்டபம். நாதஸ்வரமும் தவிலும் ஓய்ந்து, சாப்பாட்டு நேரத்தில் எங்கள் குழு ஏறியபோது நான்காவது வரிசைக்கு அப்பால் என் கிட்டார் கேட்கவே இல்லை என்று சொன்னார்கள். மைக் வைத்ததும் சரியாயிற்று, ஆனால் மைக் இல்லாத இடத்தில் விண்டேஜ் 30 வெட்டிக்கொண்டு போயிருக்கும். இரண்டாவது, பைலா. பைலாவுக்கு ரிதம் வாசிக்கும்போது வலது கை டக் டக் என்று வெட்டுகிறபோது சத்தம் பளிச்சென்று கண்ணாடி மாதிரித் தெறிக்க வேண்டும், க்ரீம்பேக் அதை வட்டமாக்கிவிடுகிறது. டிரெபிளை ஏற்றினாலும் அந்தத் தெறிப்பு வருவதில்லை. முழு நேரமும் அதுதான் வாசிப்பு என்றால் ஜென்சன் சி12என் பக்கம் போங்கள், அது மணி மாதிரி ஒலிக்கிறது.

பழைய ஸ்பீக்கரை நானாவிடமே கொடுத்துவிட்டேன், பாட்டுப் பெட்டிக்கு ஏற்றபடி கோன் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புதியதில் துரு வராமலிருக்க ஆம்பைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து தூக்கி வைத்து, வாசிக்காத நேரத்தில் துணி போர்த்தி வைக்கிறேன், எட்டு மாதத்தில் சட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. வாங்குவதற்கு முன் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றிருப்பவர்கள் எழுதுங்கள், ஞாயிறு பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் கிட்டாரையே கொண்டுவாருங்கள்.